சகலையின் கண்ணாடிக் கூடு

காலம்தான் இசை, மற்றதெல்லாம் வெறும் சத்தம். கோள்கள் சுழல்வது தாளத்தில், கடல் புரள்வது தாளத்தில், கருவில் கிடக்கும் சிசுவின் நெஞ்சு துடிப்பதும் தாளத்தில்தான். ஒரு நொடியை ஆயிரம் கூறாக்கி, அதில் ஒரு கூறு பிசகினாலும் பொறுக்காத செவி எவனுக்கு வாய்த்ததோ அவனே கலைஞன்.

இந்த உண்மையைக் கண்களை மூடிக்கொண்டு மைக்கின் முன் அவர் பதிவுசெய்துகொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது.

"என்னங்க, அந்தப் போர்வைய கழட்டிக் குடுங்க. மெஷின்ல தண்ணி நிரம்பியாச்சு."

போர்வை, எதிரொலியை அடக்குவதற்காகச் சுவரில் ஆணியடித்து மாட்டப்பட்டிருந்தது. அதைக் கழற்றினால் அறை ஸ்டுடியோ என்ற தகுதியை இழந்து, பழைய சூட்கேஸ்களும் இஸ்திரி மேஜையும் உள்ள அறையாக ஆகிவிடும். அவர் போர்வையைக் கழற்றிக் கொடுத்தார். கோள்கள் சுழல்வதை மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டிலிருந்தபடியே இசை அமைப்பது எப்படி என்று இணையத்தில் பாடம் நடத்துவது அவருடைய தொண்டு. பார்ப்பவர்களில் ஒருவர் அவரே. தன் இன்னொரு ஃபோனிலிருந்து பார்ப்பார். பகலில் நகரப் பேருந்துகளின் நேர அட்டவணை போடும் அலுவலகத்தில் பிரிவுத் தலைவர். அவர் போட்ட அட்டவணைப்படி ஒரு பேருந்தாவது வந்ததாகத் தகவல் இல்லை. அது ஓட்டுநர்களின் குறை என்பார்.

நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கை அவர் செல்லமாக 'மில்லி' என்று சொல்வார். டிவியில் பாட்டு ஓடினால் "ட்ரம் பத்து மில்லி பின்னால வருது" என்று முகம் சுளிப்பார். அழைப்பு மணி அடித்தால், டிங்குக்கும் டாங்குக்கும் நடுவே இடைவெளி அதிகம் என்பார். மனைவியின் வீட்டில் அவருக்கு மில்லியார் என்று பெயர் விழுந்துவிட்டது. கடைசியில் 'ஆர்' சேர்த்தவள் கொழுந்தியாள். அந்த வீட்டில் அவருக்குக் கிடைத்த மரியாதை அந்த ஒரு விகுதியோடு சரி.

கொழுந்தியாளின் கணவர், அதாவது மில்லியாரின் சகலை, மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். சகலை என்பது விசித்திரமான உறவு. ஒரே வீட்டில் பெண் எடுத்ததைத் தவிர வேறு பாவம் எதுவும் சேர்ந்து செய்யாத இரண்டு ஆண்களை ஒரே சோபாவில் உட்காரவைத்து, ஆயுள் முழுக்க எடை போட்டுக்கொண்டே இருப்பார்கள். சகலைக்கு உயரம் அதிகம். தலைமுடி அதிகம். மாமியார் வீட்டில் குழாய் ஒழுகினால், மில்லியார் அந்தச் சொட்டு எந்தத் தாளத்தில் விழுகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே சகலை வாஷர் மாற்றிக் கையைத் துடைத்துக்கொண்டிருப்பார். இதையெல்லாம் மில்லியார் பெரிய மனதோடு பொறுத்துக்கொண்டார். இசை என்ற ஒரு துறை தனக்கென்று தனியாக இருந்ததால் அவரால் பொறுக்க முடிந்தது.

அந்தத் துறையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமியார் வீட்டுக் கூடத்தில், சகலை கால் வைத்தார்.

"கடைல கூட்டமே இல்லண்ணே. சும்மா உக்காந்திருந்தப்ப ஒண்ணு பண்ணேன். கேக்கறீங்களா?" என்று சொல்லி ஃபோனை மேஜையில் வைத்தார்.

கண்ணாடி வைக்கும் கெட்டியான கூடு ஒன்றை மூடும் சத்தம் முதலில் வந்தது. க்-டப். கொஞ்சம் விட்டு இன்னொரு க்-டப். லென்ஸைத் துணியால் துடைக்கும் சத்தம் அதற்கு ஊடே நுழைந்தது: ஸிக், ஸிக். தட்டில் ஒரு திருகாணி விழுந்தது: டிங். இவற்றையெல்லாம் வெட்டி, அடுக்கி, திரும்பத் திரும்ப வரும்படி ஒட்டி, மேலே நாலே சுரத்தில் ஒரு மெட்டைப் போட்டிருந்தார். அவ்வளவுதான்.

கொழுந்தியாளின் தலை ஆடியது. மில்லியாரின் சொந்த மனைவி, கையில் வைத்திருந்த டம்ளரை விரலால் தட்டினாள். அதையாவது மன்னிக்கலாம். மாமியாரின் வலது கால் தரையில் தட்டியது. மில்லியாரின் எத்தனையோ படைப்புகளை அந்தக் கால் கேட்டிருக்கிறது. ஒரே ஒருமுறைதான் அசைந்திருக்கிறது. அப்போது கொசு கடித்தது.

"சின்னத்தான்!" என்று எழுந்தே விட்டான் மச்சினன். "இத எனக்குக் குடுத்துடுங்க. டைட்டிலுக்கு இதான் வேணும்!"

மச்சினன் கம்பெனிகளுக்குப் பயிற்சி வீடியோ எடுப்பவன். தீப்பிடித்தால் ஊழியர்கள் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதை அவனளவுக்கு அழகாகப் படமாக்கியவர்கள் குறைவு. இப்போது முதல்முறையாக, லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஒருவனைப் பற்றிக் குறும்படம் எடுத்திருந்தான். அதற்கு இசை மில்லியார்தான் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் குடும்பத்தில் வேறு இசைக்கலைஞன் இல்லாததால் அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். 'லிஃப்டின் ஆன்மா' என்று ஒரு மெட்டும் தயார். திரையில் 'இசை' என்று போட்டு அதன் கீழே தன் பெயர் வரப்போவதை அலுவலகத்தில் மேலதிகாரியிலிருந்து வாட்ச்மேன்வரை சொல்லியாகிவிட்டது. வாட்ச்மேன் எழுந்து நின்று கைகூடக் கொடுத்தார்.

எல்லோரும் மில்லியாரைப் பார்க்காமல் இருக்க முயன்றார்கள். அதுவே எல்லோரும் பார்ப்பதைவிட மோசமாக இருந்தது.

"பெரியத்தான்," என்று மச்சினன் குரலைத் தாழ்த்தினான், "உங்க ட்யூன் ரொம்ப கரெக்டா இருக்கு. அதுல குறையே சொல்ல முடியாது. அதான்... ரொம்பக் கரெக்டா இருக்கு."

மில்லியாரின் வயிற்றில் யாரோ அடுப்பு மூட்டினார்கள். ஆனால் கலைஞன் புகையை வெளியே விடக் கூடாது. அவர் புன்னகை செய்தார்.

"நல்ல முயற்சி சகலை. தொழில் தெரியாம இவ்வளவு பண்ணதே பெருசு. டைமிங்தான் கொஞ்சம் நொண்டுது. அந்த டப்பா சத்தம் ஒரு தடவ முன்னால குதிக்குது, ஒரு தடவ பின்னால இழுக்குது. உங்களுக்கெல்லாம் கேக்காது. பழகின காதுக்கு முள்ளு குத்தற மாதிரி இருக்கு."

"ஆமாண்ணே," என்றார் சகலை உடனே. "எனக்கே தெரிஞ்சுது. எப்படி சரி பண்றதுன்னுதான் தெரியல."

சண்டைக்கு வராத எதிரியைப் போல எரிச்சலூட்டுவது வேறில்லை.

மச்சினன் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். "அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே பெரியத்தான்! நீங்களே சரி பண்ணிக் குடுத்துடுங்க. இசை சின்னத்தான். தாளத் திருத்தம் நீங்க. தனி கார்டு போடறேன்!"

தாளத் திருத்தம் என்று எந்தப் படத்திலும் யாருக்கும் கார்டு போட்டதாக மில்லியாருக்கு நினைவில்லை. அப்படி ஒரு வேலை இருப்பதே அந்த நிமிடம்தான் உலகத்துக்குத் தெரிந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மனைவி, "நல்லா இருந்துச்சுல்ல?" என்றாள்.

"எது?"

"சும்மா கேட்டேன்."

"தட்டினியே டம்ளர. அதுல ரெண்டு தட்டு தாளத்துலயே இல்ல."

"டம்ளர்லயுமா?" என்று சொல்லிவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய தோள் குலுங்கிய வேகத்தை மில்லியார் அளக்கவில்லை.

அடுத்த ஞாயிறு சகலை மில்லியாரின் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். பென் டிரைவில் சத்தங்கள், சட்டைப்பையில் அசல் கூடு, "தேவப்பட்டா திரும்ப அடிச்சுக் காட்டலாம்னு." போர்வை துவைத்து வந்து மறுபடி சுவர் ஏறியிருந்தது. சகலை அதைத் தொட்டுப் பார்த்து, "அட, இதுக்குத்தானா! நான் குளிருதோன்னு நெனச்சேன்" என்றார். கிண்டலாக இருந்தால் மில்லியார் சந்தோஷப்பட்டிருப்பார். அந்த ஆள் உண்மையாகவே வியந்தார்.

மில்லியார் சத்தத்தைத் திரையில் விரித்துக் காட்டினார். மலைத்தொடரைப் பக்கவாட்டில் பார்ப்பதுபோல அலைகள். அவற்றுக்குக் குறுக்கே, சம இடைவெளியில், தாளம் விழ வேண்டிய இடங்களைக் காட்டும் நேர்க்கோடுகள்.

"பாத்தீங்களா சகலை? ஒரு சத்தத்த வெட்டி எடுக்கறப்ப, முன்னால கொஞ்சம் வெறும் அமைதியும் சேந்து வந்துடும். நீங்க அந்த அமைதியோட மூக்கக் கொண்டுபோய்க் கோட்டுல ஒட்டியிருக்கீங்க. அப்ப சத்தம் எப்ப வரும்? லேட்டாத்தான் வரும். இது பாலபாடம்."

"அய்யய்யோ. அப்ப அமைதிய வெட்டிடணுமா?"

"ஒட்ட வெட்டினா சத்தத்தோட தலையே போயிடும், சொத்துன்னு இருக்கும். வெட்டின எடத்துல டிக்குன்னு ஒண்ணு வேற கேக்கும். மயிரிழை விட்டு வெட்டி, ஓரத்த மெதுவா மங்க வைக்கணும். அதுக்குக் கையி வேணும்."

"உங்களுக்கு எவ்வளவு தெரியுதுண்ணே!"

மில்லியார் பெருந்தன்மையோடு பெருமூச்சுவிட்டார். அப்போது சகலை திரையை உற்றுப் பார்த்துவிட்டு ஒன்று கேட்டார்.

"அண்ணே, இதுல ரெண்டு மலை இருக்கே. சின்னது ஒண்ணு, பெருசு ஒண்ணு."

இருந்தது. கூட்டை மூடும்போது முதலில் கீல் 'க்' என்கிறது. பிறகுதான் மூடி 'டப்' என்று விழுகிறது.

"இதுல எதக் கோட்டுல வைக்கறது? கீலா, மூடியா? நான் ஒரு தடவ இத வெச்சேன், ஒரு தடவ அத வெச்சேன். எது கையில மாட்டுச்சோ அது."

மில்லியாருக்கு விடை தெரியவில்லை. பாடப் புத்தகத்துச் சத்தங்களுக்கெல்லாம் ஒரே ஒரு தலைதான் உண்டு. "அது சந்தர்ப்பத்தப் பொறுத்தது" என்றார். பிரிவுத் தலைவராக இத்தனை காலம் அவரைக் காப்பாற்றிவந்த வாக்கியம் அது.

சகலை போனதும் மில்லியார் நேர்மையாகத்தான் ஆரம்பித்தார். அதை அவர் சார்பில் சொல்லியே ஆகவேண்டும். ஒவ்வொரு மூடியையும் பிடித்து இழுத்துக் கோட்டின் மேல் நிறுத்தினார். ஸிக்குகளை வரிசையில் விட்டார். டிங்கை அதன் இடத்தில் உட்காரவைத்தார். எல்லாம் பள்ளிக்கூட அணிவகுப்புபோல நின்றதும் போட்டுக் கேட்டார்.

அலுவலகத்தில் கோப்புகளுக்கு முத்திரை குத்தும் சத்தம்போல இருந்தது. குறையே சொல்ல முடியாது. ரொம்பக் கரெக்டாக இருந்தது.

அசலைப் போட்டுக் கேட்டார். யாரோ படியில் இறங்கி வருகிறார்கள். வரும் வழியில் எதையோ நினைத்து ஒருகணம் நின்றுவிட்டு மீண்டும் இறங்குகிறார்கள். மில்லியாரின் குதிகால் நாற்காலிக் காலில் தட்டியது. அவர் குனிந்து தன் காலைத் துரோகியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

அந்த இடத்தில்தான் பொறாமை தன் நாற்காலியை அவருக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது. இத்தனை வருஷம் படித்து, நுணுகி, மைக் வாங்கி, போர்வை மாட்டி உழைத்தவனுக்கு முத்திரை குத்தும் சத்தம். எது கையில் மாட்டியதோ அதை ஒட்டியவனுக்குப் படியிறங்கி வரும் நடை. குடுமி வைத்த யாராவது இசைமேதையிடம் தோற்றிருந்தால் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். கண்ணில் நம்பர் பார்ப்பவனிடம் தோற்றால் எங்கே போய்ச் சொல்வது? வாட்ச்மேனிடம் என்ன சொல்வது? கை கொடுத்தாரே, திரும்ப வாங்கிக்கொள்வாரா?

திருத்திய வடிவத்தை அனுப்பினால் மச்சினன் என்ன சொல்வான் என்று யோசித்தார். "பெரியத்தான் கைபட்டதும் செத்துடுச்சு" என்பான். அசலை அப்படியே அனுப்பினால் சகலை ஜெயித்துவிடுவார். மூன்றாவதாக ஒரு வழி இருந்தது. அது மெதுவாக, மரியாதையாக, தானே வந்து கதவைத் தட்டியது.

நொண்டுகிறது என்றுதானே சொன்னோம்? நன்றாகவே நொண்டட்டும்.

அவர் போய்க் கதவைத் தாழிட்டுவிட்டு வந்தார். ஒவ்வொரு க்-டப்பையும் கோட்டிலிருந்து கொஞ்சம் பின்னால் தள்ளினார். ஒன்றை இவ்வளவு, அடுத்ததை அவ்வளவு. ஒழுங்கே இல்லாதபடி கவனமாகத் தள்ளினார். ஒழுங்காகப் பழகிய கைக்கு ஒழுங்கில்லாமல் தள்ளுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. விரல் தன்னையறியாமல் கோட்டுக்கே திரும்பியது. அதை அதட்டி அதட்டி வேலை வாங்கினார். ஸிக்குகளில் சிலவற்றை முன்னால் தள்ளினார். நடுவில் ஓர் இடத்தில் டப்பை வேண்டுமென்றே தாமதப்படுத்தி, கேட்பவன் தடுக்கி விழும்படி வைத்தார். இதைத் தியேட்டரில் கேட்டால் மாமியாரின் கால் சுளுக்கிக்கொள்ளும்.

மனைவி இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டாள். "வேலையா இருக்கேன்" என்று குரல் கொடுத்தார். இவ்வளவு முழுமனதோடு அவர் எந்த இசையிலும் உழைத்ததில்லை. முடித்து, அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு வெளியே வந்தபோது முகம் தெளிவாக இருந்தது.

"என்னங்க, சின்னவரோடத சரி பண்ணிட்டீங்களா?"

"என்னால முடிஞ்சத பண்ணியிருக்கேன்" என்றார். அது பொய் இல்லை.

படத்தைப் போட்டுக் காட்ட மச்சினன் ஒரு விடுமுறை நாள் பிற்பகலில் எல்லோரையும் தன் அலுவலகத்துக்கு அழைத்தான். தீயணைப்பான்கள் வரிசையாக நின்ற ஓர் அறை, சுவரில் திரை, மடக்கு நாற்காலிகள். குடும்பத்தோடு அவனுடைய நண்பர் ஒருவரும் வந்திருந்தார். மேடைக் கச்சேரிகளில் ட்ரம்ஸ் வாசிப்பவர். நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் விரல்கள் தொடையில் ஓடிக்கொண்டிருந்தன. தொழில் தெரிந்த ஒருவர் வந்திருப்பதில் மில்லியாருக்குப் பரம திருப்தி. நொண்டுவதைச் சொல்ல அத்தாட்சி வேண்டுமல்லவா?

விளக்கு அணைந்தது. லிஃப்டின் கதவு மூடியது. க்-டப்.

மில்லியார் இருட்டில் புன்னகைத்தார். தன் கைவேலை ஒவ்வொன்றாக வந்தது. இதோ, பின்னால் தள்ளியது. இதோ, முன்னால் இழுத்தது. இப்போது வரும் பாருங்கள் அந்தத் தடுக்கல். வந்தது. ட்ரம்ஸ்காரரின் விரல்கள் தொடையிலேயே நின்றுவிட்டன. "ஆ..." என்றார் அவர்.

'இசை' என்று எழுத்துகள் எழுந்தன. கீழே சகலையின் பெயர். கொழுந்தியாள் கைதட்டினாள். அடுத்து 'தாளத் திருத்தம்' என்று தனி கார்டு. அதற்குள் லிஃப்டுக்குள் இருந்தவன் இருமிவிட்டதால் யாரும் தட்டவில்லை.

விளக்கு எரிந்ததும் ட்ரம்ஸ்காரர் படத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "டைட்டில்ல அந்த பீட் யாரு போட்டது?" என்று கேட்டார்.

மில்லியார் முகத்தில் வருத்தத்தைத் தயார் செய்துகொண்டார்.

"என்ன ஒரு நடைங்க அது! வருமா வராதான்னு காக்க வெச்சு, விட்டுட்டோம்னு நெனக்கறப்ப வந்து விழுதே! நடுவுல ஒரு எடத்துல இழுத்துப் புடிச்சாரே, நெஞ்சே ஒரு தரம் நின்னுடுச்சு. இத மெஷின்ல கொண்டுவரவே முடியாது. பொறவிலேயே இருக்கணும்."

எல்லோரும் சகலையைக் காட்டினார்கள். சகலை எழுந்து நின்று, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப்பையிலிருந்த கண்ணாடிக் கூட்டை எடுத்துக் காட்டினார். "இதாங்க. மூடுவேன். அவ்வளவுதான்."

"எங்க, மூடுங்க."

க்-டப்.

"ஆஹா!" என்றார் ட்ரம்ஸ்காரர். "நாங்க ஒரு ஆல்பம் பண்றோம். நீங்க ஸ்டுடியோவுக்கு வந்தே ஆகணும். கடைய ஒருநாள் மூடுங்க."

"பாரேன், இத்தன நாள் நமக்கே தெரியாம இருந்திருக்கு!" என்று மாமியார் சகலையின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அந்தக் கை மில்லியாரின் பக்கம் வந்ததே இல்லை. மனைவி சிரித்தாள். மச்சினன் சிரித்தான்.

மில்லியாருக்குக் காது அடைத்தது. இழுத்துப் பிடித்த இடம்! அது இவன் பிடித்ததா? எவன் விரல் பிடித்தது? கதவைத் தாழிட்டுக்கொண்டு, சாப்பிடாமல், ஒவ்வொன்றாகத் தள்ளியவன் இங்கே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். ஆல்பமும் முதுகுத்தட்டும் கண்ணாடிக் கடைக்குப் போகின்றன. பிறவியிலேயே இருக்க வேண்டுமாம்! இருக்கிறது, ஐயா, இருக்கிறது, ஆள்தான் மாறிவிட்டது. உண்மையைச் சொன்னால் சூழ்ச்சி வெளியே வரும். சொல்லாவிட்டால் இந்த ஆள் ஸ்டுடியோவுக்குப் போய்விடுவான். மானம் பெரிதா, மேதை பெரிதா என்று மில்லியார் ஒருகணம் எடைபோட்டார். பொறாமை தராசில் விரலை வைத்தது.

"அது அவரு போட்டது இல்ல" என்றார்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"அந்த நடை என்னோடது. நான் போட்டது. ஒவ்வொரு டப்பையும் நான்தான் கையால பின்னால தள்ளினேன். இழுத்துப் புடிச்ச எடம்னு சொன்னாரே, அத இழுத்தது நான்."

"நீங்க சரி பண்ணத்தானே சொன்னோம்?" என்றாள் கொழுந்தியாள்.

"சரி பண்ணல. கெடுத்தேன்!" குரல் தீயணைப்பான்களில் மோதித் திரும்பியது. "கெடுக்கணும்னே கெடுத்தேன். நொண்டட்டும்னு தள்ளினேன். அதான் இப்படி வந்திருக்கு. இப்ப சொல்லுங்க, இது யாரோட பொறவி?"

மனைவி தரையைப் பார்த்தாள்.

"கெடுக்கவாண்ணே?" என்றார் சகலை. அவர் குரலில் கோபமில்லை. யாரோ தவறான நம்பர் கண்ணாடியைப் போட்டுவிட்டதுபோல மில்லியாரை உற்றுப் பார்த்தார். "எனக்கு எதுவும் வித்தியாசமாவே தெரியலயே. கடைல பண்ணது மாதிரியேதான் இருந்துச்சு."

"உங்களுக்கு எப்படித் தெரியும் சகலை? அதுக்குக் காது வேணும்."

மச்சினன் தொண்டையைச் செருமினான். ஒருமுறை அக்காவைப் பார்த்தான். பிறகு மெதுவாக ஆரம்பித்தான்.

"பெரியத்தான்... படத்துல இருக்கறது நீங்க அனுப்பினது இல்ல."

"என்னது?"

"நீங்க வெறும் புராஜெக்ட் ஃபைல மட்டும் அனுப்பிட்டீங்க. எந்தச் சத்தம் எப்ப வரணும்னு அதுல எழுதியிருக்கு. சத்தம் எதுவும் அதுல இல்ல, உங்க கம்ப்யூட்டர்லயே இருக்கு. தொறந்தா கோடு கோடா வந்துச்சு. 'ஒலிகளைக் காணவில்லை'ன்னு ஒரு பெட்டி வந்துச்சு. அதனால சின்னத்தான் மொதல்ல குடுத்தத அப்படியே வெச்சுட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ஃபோன் பண்ணலாம்னுதான் பாத்தேன். அக்காதான் வேணாம்னுச்சு."

மனைவி இப்போதும் தலை நிமிரவில்லை. "நாள் முழுக்கக் கதவ சாத்திக்கிட்டு உக்காந்திருந்தீங்க. எப்படிச் சொல்றது?" என்றாள்.

மச்சினன் மடிக்கணினியைத் திருப்பி, உறுதிப்படுத்துவதற்காக இரண்டையும் காட்டினான்: சகலை கொடுத்தது, படத்தில் இருப்பது. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று, மலைக்கு மலை, பள்ளத்துக்குப் பள்ளம், ஒட்டி உட்கார்ந்தன. ஒரு மில்லிகூடப் பிசகவில்லை.

ட்ரம்ஸ்காரர் சகலையிடம் ஃபோன் நம்பரை வாங்கிக்கொண்டு கிளம்பினார். போகும்போது மில்லியாரிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும், "வரேங்க" என்றார்.

அடுத்த வாரம் படம் இணையத்தில் வெளியானது. தாளத் திருத்தம் என்ற தனி கார்டில் மில்லியாரின் பெயர் அப்படியே இருந்தது. அதை எடுத்துவிடச் சொல்லி அவர் யாரிடமும் கேட்கவில்லை.